நூர்கலியைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நான் ஷாரிபா, சினிமாவில் ஒலிப்பதிவாளர். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த ஒலிப்பதிவைப் போன வாரம் ஒரு மனுஷன் வெட்டி எறிந்துவிட்டார். இயக்குநர் நூர்கலிதான் அது. அவரைத் திட்டத்தான் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் குஷியாகிவிட்டது, என்ன செய்ய!

முதல் வரியை இப்படி வைத்துப் பார்த்தேன்: 'பனி மூடிய புல்வெளியில் ஒரு தாய்...' சீ! நாட்காட்டிப் படம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அடிக்காமல் விடுகிறேன்.

2

நூர்கலியின் முதல் படத்தை ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். அப்புறம் வரிசையாக நாலு கல்யாணக் காமெடி. (இரண்டில் நானும் வேலை பார்த்தேன். சிரிக்காதீர்கள்.) 'நூர்கலி முடிஞ்சான்' என்று அல்மாட்டி நகரத்து சினிமாக்காரர்களிடம் பேச்சாகிவிட்டது. ஐம்பத்துநாலு வயதில் சொந்தக் கிராமத்துக்கே போய்த் தன் பால்யத்தையே படமெடுத்தார். படத்துப் பையன் பேரும் நூர்கலி. கடைசிக் காட்சியில் ஏழு வயதுப் பையனை விடுதிப் பள்ளிக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். அம்மா பின்னாலேயே ஓடி வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு கூப்பாட்டுக்காகத்தான் படமே.

[குறிப்பு: எங்கள் வீடுகளில் மருமகள், புருஷன் வீட்டுப் பெரியவர்கள் பேரை வாயால் சொல்ல மாட்டாள். நூர்கலிக்கு வைத்தது அப்பாவைப் பெற்ற தாத்தா பேர். ஆகவே அவர் அம்மா சாகும்வரை மகனை 'ஒட்டகக்குட்டி' என்றுதான் கூப்பிட்டாள்.]

3

அம்மா வேஷத்துக்கு நூர்கலி தன் தம்பி பெண்டாட்டி கூல்சிமைப் போட்டார். என்ன ஓட்டம், என்ன குரல்! ஒத்திகையில் எல்லாம் அவள் 'அடேய், இவனே!' என்றே கத்தினாள். பேரைக் கடைசிக்கு வைத்திருக்கிறாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்கள் வீட்டு மருமகள்களை ஆயுசு முழுக்கப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

கடைசி நாள். நாளைக்கு வெயிலடித்தால் இந்தப் பனி இருக்காது. லாரி ஒரு தடவை போனால் தடம் விழுந்துவிடும், மறுபடி எடுக்க முடியாது.

"கூல்சிம், பேரச் சொல்லிக் கத்தணும்."

"எப்படி மாமா? அது உங்க பேராச்சே!"

"பையன் பேரும்மா."

"பையனுக்கு உங்க பேரு, உங்களுக்கு உங்க தாத்தா பேரு. ஒரே வாயில ரெண்டு பெரியவங்களை இழுக்கச் சொல்றீங்க. நாளைக்கு யார் முகத்துல முழிப்பேன்?"

"அக்கா, நான் வேணா பின்குரல் குடுக்கறேன்" என்றேன்.

"உனக்கென்னடி! கல்யாணம் ஆகாதவ, யார் பேர வேணாலும் சொல்லுவ!"

எல்லாரும் சிரித்தோம். நூர்கலி மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா ஒரு தடவைகூட சொல்லல, கூல்சிம். படத்துலயாவது கேட்டுக்கறேனே."

அவள் சால்வையை முறுக்கிக்கொண்டே நின்றாள். அப்புறம், "அப்ப நீங்க இங்க நிக்கக் கூடாது. காதுல விழாத தூரத்துக்குப் போங்க. அப்புறமாவும் கேக்கக் கூடாது" என்றாள்.

இயக்குநரே இல்லாமல் கடைசிக் காட்சி! அவர் மேட்டைத் தாண்டி நடந்தார். ஒளிப்பதிவாளர்தான் 'ஆக்‌ஷன்' சொன்னார். லாரி கிளம்பியது. கூல்சிம் ஓடினாள்.

4

இங்கே இரண்டு முடிவு எழுதினேன்.

(அ) "நூர்கலீ!" என்று கத்தினாள்.

(ஆ) "ஒட்டகக்குட்டீ!" என்று கத்தினாள்.

இரண்டில் ஒன்று நிஜம். அவள் கழுத்தோரம் மைக், என் காதில் ஹெட்போன். லாரி இரைச்சலில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் குரல் எப்படி இருந்தது என்றால்... வேண்டாம், எழுத வரவில்லை.

நூர்கலி பனியில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். "சொன்னாளா?"

பதிவை மறுபடி ஓட்டத் தயாராக வைத்து, ஹெட்போனைக் கழற்றி நீட்டினேன். காதுவரை கொண்டுபோனார். கூல்சிம் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளைப் பார்த்தார், என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

5

போன வாரம் எடிட்டிங்கில், "அந்த இடத்துல குரல் வேணாம். லாரிச் சத்தம் போதும்" என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? இதுக்குத்தானே படமே எடுத்தீங்க!"

"கேக்க மாட்டேன்னுதானே போனேன். வெட்டு, ஷாரிபா."

வெட்டினேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நேற்று படத்தின் முதல் திரையிடல், கிராமத்து மன்றத்தில். எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. லாரி போகிறது, கூல்சிம் ஓடி வருகிறாள், வாய் திறக்கிறது, குரலே இல்லை. நூர்கலி திரையைப் பார்த்தபடி மெதுவாக, "இதோ வந்துட்டேன்மா" என்றார்.

அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்த மனுஷன் காதில் என்ன விழுந்தது? எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது கூல்சிமின் குரல்தான், அதையும் சொல்ல மாட்டேன். உங்களை உங்கள் அம்மா எப்படிக் கூப்பிடுவார்? கூல்சிம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள், லாரி வளைவில் திரும்பி மறையப் போகிறது, சீக்கிரம் எழுதுங்கள்:

"______________!"