காயாத கிருஷ்ணர்கள்

எல்.இ.டி. பல்பு வாங்கப் போன வாசுகி, கையோடு ஒரு கிருஷ்ணர் பொம்மையையும் எடுத்துக்கொண்டு போனாள். கடைவீதி எலெக்ட்ரிக் கடைக்காரர் இப்படி ஒரு ஆளை இதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொரு பல்பாக எரியவிடச் சொல்லி, அதன் கீழே கிருஷ்ணரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பால்வெள்ளை வெளிச்சத்தில் அவருடைய நீலம் வெளிறிப்போனது. மஞ்சளில் கறுத்துத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவான வெள்ளையில்தான் கிருஷ்ணர் கிருஷ்ணராக இருந்தார். வாட் இவ்வளவு குறைச்சலாக இருக்கிறதே, வெளிச்சம் போதுமா என்று கேட்டாள். வாட் என்பது அது தின்கிற கரண்டு, வெளிச்சத்துக்கு லூமென் என்று தனியாகப் போட்டிருக்கும் என்று கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதையும் படித்துப் பார்த்து, கேரண்டி சீட்டில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், வாடகை ஷெட்டில் பொம்மை செய்கிறவள் வாசுகி. அவளும் வண்ணம் தீட்டும் கயல்விழியும்தான் மொத்தக் கம்பெனியும். கணவன் தங்கதுரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிற நேரம் போக இங்கே மண் சுமப்பான். இதற்கு முன் வாசுகி பல வருஷம் பக்கத்து ஷெட் ராஜாங்கத்திடம் வேலை பார்த்தவள். தனியாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

இந்த ஆவணியில் கும்பகோணத்துக் கடை ஒன்று கொலுவுக்குக் கிருஷ்ணர் பொம்மை கேட்டிருந்தது. வாசுகிக்கு முதல் பெரிய ஆர்டர். சரியாகக் கொடுத்தால் வருஷா வருஷம் வரும். சொதப்பினால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, ராஜாங்கத்தின் வாசலில் கூலிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

வாங்கிய பல்புகளை அன்றே மாட்டினாள். கரண்டைத் தின்று சூட்டைக் கக்குகிற சனியன்கள் என்று திட்டிக்கொண்டே, பழைய குண்டு பல்புகளை உடைசல் குவியலில் வீசி உடைத்தாள். பொம்மை காயவைக்கிற அறையிலுமா மாற்ற வேண்டும் என்று தங்கதுரை தயங்கினான்.

“அந்த ரூமு மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?” என்றாள் வாசுகி.

மழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லாத நாட்களில், அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகள் அந்த அறையில்தான் காயும். வழக்கம்போல அடுக்கினாள், வழக்கமான நாள் கழித்து எடுத்துச் சூளையில் ஏற்றினாள். தொட்டுப் பார்த்தபோது காய்ந்த மாதிரிதான் இருந்தது. சூளை சூடேறியதும் உள்ளே பட் பட்டென்று சத்தம் கேட்டது. ஈரம் நின்ற மண் வெடிக்கிற சத்தம் அது. தொழிற்பேட்டையில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. மறுநாள் திறந்தபோது கிருஷ்ணர்கள் தலை வேறு, புல்லாங்குழல் வேறாகக் கிடந்தார்கள்.

வாசுகி நேரே காயவைக்கிற அறைக்குப் போனாள். சுவரில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிற வெளிச்சம். பலகையைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. எந்த மழையிலும் அந்த அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்குமே, அது எங்கே போயிற்று? அண்ணாந்து புது பல்பைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பலகைக்கு ஒன்றாக அங்கே குண்டு பல்பைத் தொங்கவிட்டவளே அவள்தான், அதுவும் சூட்டுக்காக. புது பல்பின் அழகில் அது சுத்தமாக மறந்துபோய்விட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

தங்கதுரை குண்டு பல்பு தேடி ஆட்டோவை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினான். அதெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள் என்று சிரித்தார்கள். வேப்பூர் வரை போய், ஒரு பெட்டிக்கடையில் தூசி படிந்த இரண்டு பல்புகளைத்தான் கொண்டுவர முடிந்தது. அது எந்த மூலைக்குப் போதும்?

மறுநாள் காலை, தூறலில் நனைந்தபடி ராஜாங்கம் வாசலில் வந்து நின்றார். தங்கதுரை குண்டு பல்பு தேடி அலைந்தது டீக்கடையில் அவர் காதில் விழுந்திருக்கிறது. குத்திக்காட்டத்தான் வந்திருக்கிறார் என்று வாசுகி மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். அவரோ அவளைப் பார்க்காமல், ஈரப் பொம்மைகள் இருந்த பலகைகளைப் பார்த்தார்.

“எங்க சூளைய நேத்துதான் அணைச்சோம். ஆறுற சூடு சும்மாதான போவுது. பலகையெல்லாம் எடுத்தாந்து அது மேல அடுக்கு. ஆளுங்கள அனுப்பறேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பி நடந்துவிட்டார்.

ராஜாங்கத்தின் ஆட்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திப் பலகைகளைச் சுமந்து போனார்கள். அதன் பிறகு அவருடைய சூளை ஆறும்போதெல்லாம் அவளுக்குச் சொல்லி அனுப்பினார். காய்ந்த பொம்மைகளைத் தன் சூளையில் ஏற்றிவிட்டு, வாசுகி பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு சத்தமும் இல்லை. திறந்தபோது அத்தனை கிருஷ்ணர்களும் முழுசாக நின்றார்கள். கயல்விழி புது வெளிச்சத்தில் தீட்டிய நீலம் ஒன்றுபோல அமைந்தது. அந்த விஷயத்தில் புது பல்பைக் குறை சொல்ல முடியாது. சரக்கைப் பார்த்த கும்பகோணத்துக்காரர் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

வாசுகி ஒரு கிருஷ்ணரை எடுத்துக்கொண்டு ராஜாங்கத்தின் ஷெட்டுக்குப் போனாள். வேலையை விட்ட பிறகு அந்தப் படியை மிதிப்பது அதுதான் முதல் தடவை. பொம்மையை மேசையில் வைத்து, நீங்கள் மட்டும் இல்லையென்றால் என்று ஆரம்பித்தாள். நன்றியில் இப்படி நெஞ்சு வலிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ராஜாங்கம் பொம்மையைத் தூக்கி, மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இந்த ஷெட்டுக்கும் பல்பு மாற்ற வேண்டும், அவள் வந்து பார்த்து எடுத்துக் கொடுத்தால் தேவலை என்றார். அப்புறம் பொம்மையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

“நீ போனப்ப எனக்குக் கோவம் இல்ல வாசுகி. கை ஒடிஞ்ச மாரி இருந்துச்சு. அதான் பேச முடியல.”

வாசுகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நன்றி சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

“நாளைக்குக் காலையிலேயே கடைக்குப் போயிட்டு வந்துடலாம், மொதலாளி” என்றாள்.