விசிட்டர் கலைமதி

பாலக்கரையில் இருந்த குழந்தைகள் இல்லத்தின் சமையலறை, விதிப்படி இருக்க வேண்டிய அகலத்தைவிட ஒன்றரை அடி குறைவு என்று கண்டுபிடித்து இல்லத்தையே மூடினார்கள். அங்கிருந்த பன்னிரண்டு பெண்களில் பதினொரு பேருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. மிஞ்சியவள் கலைமதி. அவளுக்கு வயது பதினைந்து. புத்தூர் இல்லத்தில் பதினான்கு வரைதான் சேர்ப்பார்கள். ஸ்ரீரங்கத்து இல்லத்தில் பதினாறிலிருந்து. நடுவில் ஒரு பெண் பதினைந்து வயதில் வந்து நிற்பாள் என்று விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் இங்கயே இரும்மா, ஏதாவது ஏற்பாடு பண்றேன்" என்றார் கண்காணிப்பாளர் ஜெய்சங்கர். இங்கே என்றால், தென்னூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகம். இரண்டு நாள் நாற்பது நாளாயிற்று.

கூட்ட அறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கலைமதி படுத்துக்கொள்வாள். துணைக்கு ஒப்பந்த ஊழியர் ஸ்ரீவித்யா. காலையில் கூட்டம் என்றால் பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவிட வேண்டும். பெரும்பாலும் கூட்டம் வீடில்லாத குழந்தைகளைப் பற்றித்தான் நடந்தது.

அலுவலகத்தில் குழந்தையைத் தங்க வைக்க விதியில் இடமில்லை. ஆகவே ஜெய்சங்கர் அவளை விசிட்டர் நோட்டில் ஏற்றினார். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வந்ததாக ஒரு கையெழுத்து. சாயங்காலம் திரும்பி வந்ததும் போனதாக ஒரு கையெழுத்து. இல்லாத நேரத்தில் இருந்தாள், இருந்த நேரத்தில் இல்லை. கணக்கு சரியாக இருந்தது. அவர் கெட்டவரில்லை. வீட்டிலிருந்து அவளுக்கும் சேர்த்து இட்லி கொண்டுவருவார்.

ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து திருவேங்கடம் என்ற உயர் அதிகாரி ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது.

"வித்யா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. சாவகாசமா வந்தா போதும்" என்றார் ஜெய்சங்கர்.

ஆய்வு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மாவட்டத்தில் தங்க இடமில்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்த அறிக்கையில் கையெழுத்திட்ட திருவேங்கடம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ரங்கநாதரைச் சேவிக்காமல் போவதா என்றார். அங்கேதான் அவர்களை அனுப்பியிருந்தார் ஜெய்சங்கர். கோயில் பெரிசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு காரில் ஏறினார்.

கோயில் பெரிசுதான். ஆனால் வரிசை சிறியது. முன்னால் நின்றிருந்த கலைமதி திரும்பிப் பார்த்ததும், "வணக்கம் சார்" என்று ஜெய்சங்கருக்குக் கை கூப்பினாள்.

"யாரும்மா நீ? எங்க இருக்க?" என்றார் திருவேங்கடம்.

"தென்னூர்ல சார். மூணாவது மாடி. இவங்க ஆபீஸ்லதான்."

திருவேங்கடம் ஜெய்சங்கரைப் பார்த்தார்.

"வீடில்லாத குழந்தை இல்ல சார்" என்றார் ஜெய்சங்கர். "விசிட்டர்."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேனேய்யா."

வரிசை நகரவில்லை. வயது வரம்பைத் தளர்த்த ஆணை வாங்கலாம், மூன்று மாதமாகும் என்று இருவரும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டே நின்ற கலைமதி குறுக்கிட்டாள்.

"சார், என் வயசு யாருக்குமே தெரியாது. ரயில்வே ஜங்ஷன்ல என்னைக் கண்டுபிடிச்சப்ப எக்ஸ்ரே எடுத்தாங்க. பன்னெண்டுலேர்ந்து பதினாலு இருக்கலாம்னு டாக்டர் எழுதினாங்க. ஆபீஸ்ல பன்னெண்டுன்னு போட்டுட்டாங்க. மூணு வருஷமாச்சு. இப்ப பதினாறு இருக்கலாம்ல?"

இரண்டு அதிகாரிகளின் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது.

ஸ்ரீவித்யா அவளைப் பக்கத்தில் இழுத்தாள். "ஏய் கலை, தெரிஞ்சுதான் பேசறியா? பதினெட்டும் ஒரு வருஷம் முன்னாடியே வந்துடும்டி. வந்தா வெளிய அனுப்பிடுவாங்க. அப்ப எங்க போவ?"

"தெரியும்க்கா" என்றாள் கலைமதி. "பாயை எங்க ஒளிக்கறதுன்னு யோசிக்காம தூங்கணும்க்கா. அது போதும்."

மூன்று மாதக் காரியம் ஐந்து நாளில் முடிந்தது. கையெழுத்திட்ட அறிக்கையை உண்மையாக்க வேண்டிய அவசரம் எல்லாருக்கும் இருந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். அவளுடைய எலும்புகளும் ஒத்துழைத்தன. வியாழக்கிழமை அவளுக்குப் பதினாறு வயதாயிற்று. கூட்ட அறையில் கேக் வெட்டினார்கள். கைதட்டும்போது ஜெய்சங்கருக்குக் கண் கலங்கியது. தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அவர் மனதார நம்பினார்.

ஸ்ரீரங்கத்து இல்லத்தில் அவளுக்கு ஜன்னலோரம் ஓர் இரும்புக் கட்டில் கொடுத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கே அதில் ஏறிப் படுத்துவிட்டாள். அந்தப் பக்கமாக வந்த வார்டன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தாங்க இருக்கேன். சும்மா படுத்திருக்கேன்."

வார்டன் போனதும், பதினெட்டுக்கு இனி எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பத்து வரை வந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. எண்ணுவதை விட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.