விரல் கேட்ட பிரியாணி

பசிக்கொடுமையை அதிகாரிகளிடம் எடுத்துச்சொல்லி வாதாடுவது எப்படி என்று ஒரு தொண்டு நிறுவனம் ஒரகடத்துக் கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் வரது முதல் நாளே 'பசி' என்ற சொல்லுக்குத் தடை போட்டுவிட்டார். "ஊட்டச்சத்துப் பாதுகாப்பின்மைன்னு சொல்லுங்கோ. அப்பதான் அதிகாரிக்குக் காது கேக்கும்."

பயிற்சிக்கு வந்திருந்த எழிலரசிக்கு அது வாயில் நுழையவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. உதிரி பாகக் கம்பெனியில் ஏழு வருஷமாக இரும்பில் பிசிறு தேய்த்ததில் விரல் ரேகையும் தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் அவளை அவள்தான் என்று ஒப்புக்கொள்ள மறுத்து, மூன்று மாதமாக அரிசி இல்லை. அதே லைனில் வேலை பார்த்து, அவளோடு பயிற்சிக்கும் வந்திருந்த பதினோரு பெண்களுக்கும் இதே கதி. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போடலாம் என்று வழங்கல் அதிகாரி எழுதிக் கொடுத்தால் போதும். மூன்றாம் நாளான இன்று அவர்தான் சிறப்பு விருந்தினர்.

"வந்ததும் மனுவ குடுத்துடவா சார்?"

"அவசரப்படப்படாது. மொதல்ல உறவை வளர்க்கணும்," என்றார் வரது.

"மூணு நாளா வளத்துகினுதான் கீறோம்," என்று பக்கத்தில் இருந்த அம்சவல்லி முணுமுணுத்தாள்.

பதினோரு மணிக்கு வரவேண்டிய அதிகாரி ஒன்றரைக்கு வந்தார். பொன்னாடை, நினைவுப் பரிசு, பசியே இல்லாத தம் வட்டத்தைப் பற்றி நாற்பது நிமிடப் பேச்சு. எழிலரசி பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்த மூன்று நிமிடத்தை வரது தம் நன்றியுரையில் சேர்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு வாசலில் புதிதாக ஒரு மிஷின் உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று நன்கொடையாளர்களுக்கு ஆதாரம் வேண்டுமாம். எழிலரசி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துப்பட்டாவில் துடைத்து வைத்தாள். சிவப்பு. அம்சவல்லிக்கும் சிவப்பு. பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் சிவப்பு.

"பச்சை வந்தாதான் தட்டு," என்றான் வாசலில் நின்றவன்.

விரல் வைக்காமலே உள்ளே போயிருந்த அதிகாரி, சத்தம் கேட்டு இலையிலிருந்து தலை நிமிர்ந்தார். "இதுக்கா தகராறு? ஒரு நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு சோத்தப் போடுப்பா."

எழிலரசி தட்டை எடுக்கவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனாள். "இப்ப சொன்னீங்களே சார், அதையே இதுல எழுதுங்க. கடையிலயும் இதே சிவப்பு லைட்டுதான்."

"ஆபீசுக்கு வாம்மா."

"நாலு வாட்டி வந்தேன் சார். நீங்க இந்த மாதிரி மீட்டிங்ல இருந்தீங்க."

"கை எச்சிலா இருக்கு."

"கழுவிகினு வாங்க. நிக்கிறோம்."

பன்னிரண்டு பெண்கள் தட்டில்லாமல் சுற்றி நிற்கும்போது பிரியாணி தொண்டையில் இறங்காது. அதிகாரி கை கழுவிவிட்டு வந்து, 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழிலரசி படித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "சார், போன மாசம் உங்க ஆபீஸ்ல போட்ட ஆவன செய்க இன்னும் கடையில தராசுக்கு அடியில கீது. நோட்டுல கையெழுத்து வாங்கிகினு அரிசி போடுன்னு எழுதுங்க. சோத்துக்கு எவ்ளோ அழகா சொன்னீங்க."

எழுதினார். "சீல் ஆபீஸ்ல இருக்கும்மா."

"வண்டியில கீதுன்னு டிரைவர் சொன்னாரே சார்."

சீலும் விழுந்தது. காகிதத்தை நாலாக மடித்துப் பர்சில் வைப்பதற்குள் வரது கேமராக்காரரோடு ஓடி வந்தார். "பிரமாதம்மா. நம்ம பயிற்சில எந்தப் பாடம் உதவித்துன்னு ரெண்டு வார்த்தை."

"கொஞ்சம் தள்ளுங்க சார். பசிக்குது."

அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடும்படி வரது கேமராக்காரரிடம் சொன்னார்.