கல்மூஞ்சி மன்னனின் கண்ணீர்

பாபிலோனில் கோயில் தலைமைப் பூசாரியைப் பெரியண்ணன் என்று அழைப்பார்கள். கேலிப் பெயரல்ல, பதவியின் பெயரே அதுதான். மன்னனும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். நிசான் மாதத்துப் புத்தாண்டு விழாவில், மர்துக் தெய்வத்தின் சந்நிதியில், மன்னனின் கன்னத்தில் அறைகிற உரிமை அவருக்கு உண்டு. உரிமை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அது வேலை. அவர் அறைய வேண்டும், மன்னன் கண்ணில் நீர் வழிய வேண்டும். வழிந்தால் தெய்வத்துக்கு மனம் குளிர்ந்தது, வருடம் செழிக்கும். வழியாவிட்டால் தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அர்த்தம்.

போன வருடம் வழியவில்லை. அப்போதிருந்த பெரியண்ணன் வெளியே வந்து, மன்னர் தாரை தாரையாக அழுதார் என்று கூசாமல் புளுகினார். அடுத்த மாதமே யூப்ரடீஸ் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்தது. அறுவடைக்கு நின்ற பார்லி தண்ணீரிலேயே அழுகியது. ஊர் மொத்தமும் பேரீச்சங்கொட்டையை இடித்துத் தின்று உயிர் பிழைத்தது. குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. புளுகியவர் எங்கே ஓடிப்போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் அந்தப் பதவிக்கு ரிமூத் வந்திருந்தார். ஐம்பது வயது ஆள். பலிக்கு வரும் காளை மிரண்டு ஓடினால், கொம்பைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் அடுத்த மந்திரத்தைத் தொடங்குவார். தன் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவர் மனைவி நுப்தாவுக்குத்தான்.

"ஏங்க, அந்த மனுசன் அழலேன்னா?"

"அழுவான்."

"போருல அம்பு தச்சப்பகூட அழல. அவனுக்கு ஊருல பேரே கல்மூஞ்சி."

"கல்லுலயும் தண்ணி கசியும், நீ போய் கோயில் முத்தத்துல நல்ல எடமாப் பாத்து நில்லு."

"நிக்கிறேன். ஆனா ஒண்ணு. அழலேன்னா அழலேன்னு சொல்லுங்க. தலை போனாலும் போவட்டும். புளுகிட்டு மட்டும் வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

ரிமூத் சிரித்தார். அவள் சொல்லாவிட்டாலும் அவர் புளுகியிருக்க மாட்டார். ஆனாலும் அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

கோயில் வாசலில் அரண்மனை அதிகாரி முஷேசிப் அவரை மடக்கினான். ஒல்லியான ஆள், எப்போதும் எதையோ ஒளித்து வைத்திருப்பவனைப்போலவே நடப்பான். அன்றைக்கு நிஜமாகவே ஒளித்து வைத்திருந்தான். மடிக்குள்ளிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தான்.

"பெரியண்ணே, இதை உள்ளங்கையில நல்லாத் தேச்சுக்கங்க. கன்னத்துல அடிக்கிறப்ப விரலைக் கண்ணுப்பக்கம் லேசா இழுத்துவிட்டா, அருவியாக் கொட்டிடும்."

"வெங்காயம் தொட்ட கையோட மர்துக் முன்னாடி போறதா? உனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"மர்துக்குக்கு மூக்கு இருக்குப்பா."

"இந்த வருசமும் கண்ணீர் வரலேன்னா சனங்க கோயிலை இடிச்சிருவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஆத்துல மெதப்பீங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதுக்குச் சொல்றவன் காலையிலேயே இவ்வளவு வேர்க்க மாட்டான். தள்ளு."

சந்நிதிக்குள் இரண்டே பேர். மன்னனும் ரிமூத்தும். தெய்வத்தையும் சேர்த்தால் மூவர். வெளியே முற்றத்தில் ஊரே நெருக்கியடித்து நின்றது. ஒரு வருடம் ஏமாந்தவர்கள், இந்த முறை மன்னனின் கன்னத்தில் ஈரத்தைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும் என்று வந்திருந்தார்கள்.

ரிமூத் மன்னனின் செங்கோலை வாங்கினார். வளையத்தை வாங்கினார். கதாயுதத்தை வாங்கினார். கடைசியில் கிரீடத்தையும் கழற்றி, எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தெய்வத்தின் காலடியில் வைத்தார். வழுக்கை விழத் தொடங்கிய தலையோடு மன்னன் நின்றான். ரிமூத் கையை ஓங்கி அறைந்தார். சத்தம் சந்நிதியின் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது.

மன்னன் இமைகூட ஆட்டவில்லை.

"அவ்வளவுதானா பெரியண்ணே? எங்க அம்மா இதைவிட நல்லா அடிப்பாங்க."

ரிமூத்தின் உள்ளங்கை திகுதிகுவென்று எரிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முறைப்படி மன்னனின் காதுகளைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்தார். மன்னன் சொல்ல வேண்டியதை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினான்.

"தேவா, நான் குற்றம் செய்யவில்லை. உன் கோயிலை மறக்கவில்லை. உன் நகரத்தைக் கைவிடவில்லை. உன் குடிமக்களில் ஒருவர் கன்னத்திலும் நான் கைவைக்கவில்லை."

அடுத்து ரிமூத் சொல்ல வேண்டியது, 'அஞ்சாதே, மர்துக் உன் சொல்லைக் கேட்டார்' என்பது. அதைச் சொல்லி இன்னொரு முறை அறைந்தால் சடங்கு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக எந்தப் பெரியண்ணனும் அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. ரிமூத் நிறுத்தினார்.

"என்ன, மறந்துபோச்சா?" என்றான் மன்னன்.

"எனக்கு மறக்கல. உங்களுக்குத்தான் மறந்துபோச்சு. முரசு அடிக்கிற எரிபாவை அறைஞ்சீங்களே."

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். படை திரும்பிய நாளில், மன்னனின் தேர் கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது முரசு ஒரு அடி பிந்திவிட்டது. மன்னன் தேரிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேர் பார்க்க முரசுக்காரனை அறைந்தான். பாபிலோன் குடிமகனை அடிக்க மன்னனுக்கும் அதிகாரம் கிடையாது. இருந்தும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ரிமூத்தும் அன்று திறக்கவில்லை.

"அதுவா? ஒரு சின்ன அடி."

"அந்தச் சின்ன அடியில அவனுக்கு இடது காது போயிடுச்சு. இப்ப நீங்க மர்துக் முன்னால பொய் சொல்லிட்டீங்க. நான் எப்படி அஞ்சாதேன்னு சொல்றது?"

மன்னனின் கழுத்து நரம்பு புடைத்தது. "டேய், வெளிய போனதும் உன்னை என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"தெரியும். ஆனா வெளிய போறதுக்குக் கிரீடம் வேணும். அதை எடுத்துக் குடுக்கிற கை என்னோடது மட்டும்தான்." ரிமூத் குரலை உயர்த்தவில்லை. "நேத்து சாயங்காலம் இதே எடத்துல பழைய கதையை முழுசாப் பாடினேன். கடல்தாய் படை தெரட்டிக்கிட்டு வந்தப்ப மத்த தெய்வமெல்லாம் நடுங்கிச்சு. மர்துக்தான் போனாரு. அவளைக் கருவாடு மாதிரி ரெண்டாப் பொளந்து மேல வானம் வச்சாரு, கீழ பூமி வச்சாரு. அப்பேர்ப்பட்டவரையே மத்த தெய்வங்க சோதிச்சுப் பாத்துட்டுத்தான் அரசனாக்கினாங்க. அவரு முகஞ்சுளிக்கல. நீங்க அவரைவிடப் பெரியவரா?"

மன்னன் தெய்வத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கிரீடத்தைப் பார்த்தான். கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் தானே எடுத்து வைத்துக்கொண்டவனை இந்த ஊர் ஒரு நாள்கூட மன்னன் என்று சொல்லாது. அது அவனுக்கும் தெரியும்.

"அறைஞ்சேன்," என்றான் கடைசியில். அதுவரை அந்தக் குரலை ரிமூத் கேட்டதில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? வாங்க."

கதவு திறந்தபோது எல்லோரும் எம்பிப் பார்த்தார்கள். வெறுந்தலையோடு ஒரு மன்னனைப் பாபிலோன் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் கிரீடத்தைக் கையில் ஏந்தியபடி ரிமூத் வந்தார். முஷேசிப் மயங்கி விழாத குறை. மன்னன் யாரையும் பார்க்காமல் நேராகப் பெரிய முரசின் பக்கம் நடந்தான்.

எரிபா குட்டையான, தொந்தி பெருத்த ஆள். கோலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான். மன்னன் இடப்பக்கமாக வந்து ஏதோ முணுமுணுத்தான். எரிபா திரும்பவில்லை. மன்னனுக்குச் சட்டென்று விளங்கியது. முரசைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றான்.

"எரிபா, அன்னிக்கு உன்னை அடிச்சது தப்பு."

எரிபா அவனை மேலும் கீழும் பார்த்தான். காதில் விழவில்லையா, விழாததுபோல நடித்தானா, யாருக்குத் தெரியும்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க ராசா. ஒரு காதுதான் வேலை செய்யுது."

போர்க்களத்தில் படையை ஏவுகிற குரல் மன்னனுக்கு உண்டு. அதை எடுத்தான். "உன்னை நான் அடிச்சது தப்பு! மர்துக் கேக்கட்டும், ஊரும் கேக்கட்டும்!"

எரிபா காதைத் தடவிக்கொண்டான்.

"போவட்டும் ராசா. முழுக்க நட்டம்னும் சொல்ல முடியாது. அந்தக் காதுப் பக்கந்தான் என் மாமியா உக்காந்து பேசுவா."

முதலில் நுப்தாதான் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. மன்னன் வாய் கோணி, தோள் குலுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் முட்டி, அறை வாங்கிச் சிவந்த கன்னத்தில் வழிந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண் "அதோ! அதோ!" என்று கத்தினாள். ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பார்த்தார்கள்.

"சிரிச்சு வந்தது கணக்குல சேருமா?" என்று முஷேசிப் ரிமூத்தின் காதருகில் வந்து கேட்டான்.

"கண்ணீர் வரணும்னுதான் முறை. எதுக்கு வரணும்னு ஒரு மந்திரமும் சொல்லல," என்றார் ரிமூத்.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. ஊரின் சிரிப்பு அடங்கியது. மன்னனின் தோள் மட்டும் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. எரிபாவின் தோளைப் பற்றிக்கொண்டு, அந்தச் செத்துப்போன காதின்மேல் கையை வைத்து, அவன் விம்மி விம்மி அழுதான். எரிபா முரசுக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பச்சைப்பிள்ளையைத் தட்டுவதுபோல மன்னனின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

ரிமூத் கிரீடத்தோடு அருகில் நின்றார். முஷேசிப் "வச்சிருங்க, வச்சிருங்க" என்று கண்ணாலேயே கெஞ்சினான். ரிமூத் அவன் பக்கம் திரும்பவேயில்லை. மன்னன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.