அளுத்தம்

துணி வெளுக்கும் ஆலையின் கொதிகலன்காரர் அன்று முற்பகல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "ஐயா, தீயை அணைச்சிட்டேன், ஆனாலும் அளுத்தம் ஏறிக்கிட்டே போகுது. சங்கு ஊதி எல்லாரையும் வெளிய அனுப்புங்க!"

சங்கின் பொத்தான் மேலாளரின் மேசைமேல் இருந்தது. அவர் அழுத்தியதோ தொலைபேசியின் ஸ்பீக்கரை. அறையிலிருந்த நால்வரும் கேட்டு மகிழ வேண்டாமா?

"என்னது ஏறுது? இன்னொரு தடவை சொல்லுப்பா."

"அளுத்தம் ஐயா, அளுத்தம்!"

"அளுத்தமாம்ல! நாக்கைக் கொஞ்சம் மடிச்சுச் சொல்லு ராசா, அப்புறம் ஊதறேன்."

நால்வரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூன்றாம் முறை கொதிகலன்காரர் சொல்லி முடிப்பதற்குள் நீராவிக் குழாய் வெடித்தது. பக்கத்துக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனரின் இரு கைகளும் வெந்துபோயின.

விசாரணையில் மேலாளர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "தகவல் புரியும்படி சொல்லப்படவில்லை." பழி முழுவதும் கொதிகலன்காரர்மேல் விழுந்தது. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடச் சொன்னார்கள்.

அவர் பேனாவைத் தொடவில்லை. மேலாளரை நேராகப் பார்த்தார்.

"புரியலேன்னா எதுக்குய்யா சிரிச்சீங்க? நான் சொன்னதை ஒரு எளுத்து பிசகாம திருப்பிச் சொன்னீங்களே!"

விசாரணை அதிகாரி தலையைக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"எளுத்தாம்," என்றார் மேலாளரிடம், மெல்ல.