பதினோரு நாள் கழித்துக் கேட்கும் கிதார்

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமையிலிருந்து, கிளாட்சன் வாசிக்கும் கிதார் பதினோரு நாள் கழித்துத்தான் கேட்டது. வாசித்த இடத்திலேயே, வாசித்த அதே நேரத்துக்குக் கேட்டது. சுருதியில் ஒரு குறையும் இல்லை.

அவனுடைய ராக் பேண்டுக்குத்தான் சிரமமாக இருந்தது. பெரம்பூரில் அவர்கள் ஒத்திகை பார்க்கும் அறையில், ஆளில்லாத ஒரு மதியம் கிதார் மட்டும் தனியே முழங்கியது. மாடியில் வீட்டுக்காரர் கனகசபை, வெளிநாடு போகும் மகளின் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

“ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு தம்பி” என்றார் பிறகு.

விஷயம் இயக்குநர் தாமரைச்செல்வியின் காதுக்குப் போனது. “நாங்க ஷூட்டிங் போறது பதினோரு நாள் கழிச்சுத்தான். நீங்க இன்னைக்கே வந்து வாசிச்சிருங்க” என்றார்.

கிளாட்சன் சினிமாவுக்கு வந்தது அப்படித்தான். காலி ரயில் நிலையங்களிலும், யாரும் குடிவராத வீடுகளிலும் நின்று, இனிமேல் பிரியப்போகிறவர்களுக்காக வாசித்தான். கம்பிகள் ஓசையில்லாமல் அதிர்ந்தன. நடிகர்கள் வந்து நிற்கும்போது இசை வந்து சேரும். அதற்குள் அவன் வேறெங்கோ வாசித்துக்கொண்டிருப்பான். தன் இசையைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் சுகந்தி ஒருநாள் போன் செய்தாள்.

“இருபதாம் தேதி நம்ம கடைசிக் கச்சேரி. நீ ஒன்பதாம் தேதியே வந்து வாசிச்சிட்டுப் போயிடு.”

“உன் அடி கேக்காம எப்படி வாசிக்கிறது?”

“எட்டு வருஷமா கேட்டிருக்கியே.”

ஒன்பதாம் தேதி காலி அரங்கில் நின்று வாசித்தான். மூன்றாவது பாட்டில் அவள் எப்போதும் அவசரப்படுவாள். அவனும் கொஞ்சம் ஓடினான். கடைசிப் பாட்டில் அழுதுவிடுவாள், கை தளரும் என்று எண்ணி, அவளுக்காக நிறுத்திக் காத்திருந்தான்.

இருபதாம் தேதி கூட்டத்தோடு நின்று கேட்டான். மூன்றாவது பாட்டில் இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். கடைசிப் பாட்டில் கிதார் நின்றது. சுகந்தி அழவில்லை. அந்த வெற்றிடத்தில் தனியாக, சீராக அடித்துக்கொண்டே போனாள். கூட்டம் அதற்குத்தான் அதிகம் கைதட்டியது.

“நான் அழுவேன்னு நெனச்சியா?” என்று கேட்டாள், மேடையை விட்டு இறங்கியதும்.

“ஆமா.”

“அப்ப அன்னைக்கு அழுதது நீதான்.”



தாமரைச்செல்வியின் படம் வெளியான அன்று இருவரும் சேர்ந்து தியேட்டருக்குப் போனார்கள். இடைவேளையில் நான்கு பேர் வந்து, திரையில் அலையடித்துக்கொண்டிருந்த கடலை ஈரத்துணி போல இறக்கி, வெளியே வெயிலில் காயப்போடுவதற்காக மடிக்கத் தொடங்கினார்கள். ஒரு மூலை தரையில் இழுபட்டது. சுகந்தி எழுந்து போய் அதைத் தூக்கிப் பிடித்தாள். கிளாட்சன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போனான்.