412ஆம் அறையில் ஏர்கான் ஓடவில்லை

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. மாசாய் நகரில் உள்ள எங்கள் இறையியல் கல்லூரி, போதகராக வேண்டிய ஒருவரை ஹோட்டல் வரவேற்பாளர் வேலைக்குத் தகுதியற்றவர் என்று காட்டி வெளியேற்றப் பார்த்தது. என் முறையீடு இதுதான்.

ஆலனுக்கு வயது முப்பத்திரண்டு. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். ஆங்கில வேதாகம விளக்கவுரைகளைத் தாமே வாசித்து, மற்றப் பாடங்கள் அனைத்திலும் தேறினார்; ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மட்டும் இருமுறை தோற்றார். இந்த மூன்றாம் முறையும் தோற்றால் கல்லூரியில் இடமில்லை. ஓராண்டாகப் போதகரின்றி இருக்கும் பண்டார் தெங்காரா சபை அவருக்காகவே காத்திருந்தது.

தேர்வாளர்கள் இருவர்: பாடப் பொறுப்பாளர் செசிலியா; பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற நான். ஆங்கிலப் பேச்சுப் பாடத்திட்டமோ ஹோட்டல் ஊழியர்களுக்கென எழுதப்பட்டது. ஆயத்தமாகக் கிடைத்ததென்று கல்லூரி அதை வாங்கிவிட்டது.

ஆலன் உள்ளே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பயமா இருக்கா?” என்றார் செசிலியா.

“ஒரு வாரமா ரூம் சர்வீஸ் மனப்பாடம் பண்றேன், டீச்சர். என் வைஃப், ‘எனக்கும் ஒரு நாசி லெமாக் சோறு அனுப்புங்க லா’ன்னு கிண்டல் பண்றாங்க.”

செசிலியா சிரிக்காமல், குறை சொல்லும் ஹோட்டல் விருந்தினராக நடித்துத் தேர்வைத் தொடங்கினார்; ஆலன் வரவேற்பாளர். அதன் பிறகு பேசியது ஆங்கிலம். பொருளைத் தமிழில் தருகிறேன்.

“நான் 412ஆம் அறையில் இருக்கிறேன். ஏர்கான் ஓடவில்லை. மூன்று முறை அழைத்தும் யாரும் வரவில்லை. உங்களுக்கு வெட்கமாக இல்லையா?”

மன்னிப்பு, அறை எண், ஆள் வரும் நேரம், நன்றி. மதிப்பெண் தாள் கேட்டவை இந்நான்கே.

ஆலன் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு கேட்டார்:

“சகோதரி, மூன்று முறை கூப்பிட்டும் ஒருவருமே வரவில்லையா? அங்கே தனியாகவா இருக்கிறீர்கள்?”

செசிலியாவின் கையில் பேனா அசையாமல் நின்றது.

“ஆம். தனியாகத்தான்.”

அந்த வரி அவருடைய தாளில் இல்லை.

“கோபப்படுங்கள். நான் எழுந்து போகமாட்டேன்,” என்றார் ஆலன்.

மருத்துவமனைக் கட்டிலருகே, நோயாளியின் தமிழ் பேசாத பிள்ளைகளின் நடுவே நின்று ஒரு போதகர் பேசவேண்டிய ஆங்கிலம் அதுவே.

ஆலன் வெளியே சென்றதும் செசிலியா சுழியம் போட்டுத் தாளை என்னிடம் தள்ளினார்.

“நாலு பாயிண்ட்ல ஒண்ணுகூட சொல்லல. சைன் பண்ணுங்க, சார்.”

“நீங்க பதில் சொன்னீங்களே, செசிலியா.”

“அது வேற லா, சார்.” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒரு கமா விட்டாலே மார்க் வெட்டற ஆளு நீங்க. இன்னைக்கு என்ன புதுசா இரக்கம்?”

உண்மை, முப்பத்து நான்கு ஆண்டுகள் வெட்டினேன். பிழையைத்தான் வெட்டினேன். ஆலன் பேசியதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. கையொப்பமிட மறுத்துத் தாளைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கல்லூரி முதல்வர் என்னை வழிமறித்தார். “வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் பாப்பேன், சார். அப்புறம் வேற ஆள் சைன் பண்ணுவாரு.”

வாசலில் நின்ற ஆலன் அதைக் கேட்டார். “விடுங்க சார், ஃபேக்டரில இன்னும் ஆள் எடுக்கறாங்க,” என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

இதை வாசிக்கும் சபையாரே, உங்கள் படுக்கையருகே வந்து நிற்கப் போகிறவரைப் பற்றியே பேசுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் முதல்வருக்கு எழுதுங்கள். ஆலனை மீண்டும் தேர்வுக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஒரு நோயாளியின் முன் அமர்த்திப் பேசவிட்டு, அதற்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கடிதத்தின் கீழே உங்கள் முழுப் பெயரை எழுதுங்கள்.